ஐசியூவில் காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். இது என்ன சோதனை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காலிவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் பெரியப்பா பிரஷர் கூடி வீட்டில் விழுந்து, இப்போது கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் சுவாச இயந்திரத்தில் இருக்கிறார். சீ.ரி. ஸ்கான் எடுத்துவிட்டு, மூளைத்தண்டில் பொன்ஸ் என்ற இடத்தில் இரத்தக்கசிவு என்றார்கள்.

இன்று பின்னேரம் என் அண்ணா பார்க்கப் போயிருந்தார். டொக்டர் ஒருவர் பெரியப்பாவின் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாராம். பிறகு பெரிய சிரிஞ்சால் ஐஸ் தண்ணீரை உள்ளே விட்டாராம். ஒரு நேர்ஸ் மிஸ் இரண்டு கண் இமைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணையே பார்த்தார்கள். அப்புறம் மற்றக் காதிலும் அதேபோல. கடைசியில் டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி ஏதோ விளக்கினார். அண்ணாவுக்குப் பிடிபட்டது "ரிஃப்ளெக்ஸ் இல்லை" என்ற ஒன்று மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் "இனி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கும் கனடாவுக்கும் ஃபோன் போய்விட்டது. சிலர் டிக்கெட் பார்க்கிறார்கள். எனக்கு என்னவோ இது சரியாகப் படவில்லை. காதுக்குள் தண்ணீர் விட்டு, கண் அசையாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தமா? ஒரே ஒரு சோதனையில் அப்படிச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி எழுதியது:

தம்பி, முதலில் பெரியம்மாவிடம் போய் "இன்னும் யாரும் அப்படிச் சொல்லவில்லை" என்று சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நான் ஐசியூவில் தாதியாக இருக்கிறேன். உங்கள் அண்ணா பார்த்த சோதனைக்கு எத்தனையோ தடவை இமை பிடித்திருக்கிறேன். செய்யும் முறை இதுதான். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவோம். சேலைன் போத்தலையோ தண்ணீரையோ ஐஸ் கட்டிகளுக்குள் வைத்து நன்றாகக் குளிர விடுவோம். வெறும் ஃப்ரிட்ஜ் தண்ணீர் போதாது, ஐஸ் மிதக்க வேண்டும். 50 மில்லிலீற்றர் சிரிஞ்சின் நுனியில் ஊசி இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துவோம். காதுக்குக் கீழே தண்ணீரை ஏந்த வளைந்த தட்டு (கிட்னி ட்ரே), தோளுக்குத் துவாய். டொக்டர் ஒரு நிமிடத்துக்கு மேலாக மெதுவாக விடுவார். தண்ணீர் செவிப்பறையில் பட்டுத் திரும்பி வழியும். ஒருவர் இரண்டு இமைகளையும் பிடிக்க வேண்டும், ஒருவர் நேரம் பார்க்க வேண்டும். விட்ட பிறகும் இன்னொரு நிமிடம் கண்ணைக் கவனிப்போம். மற்றக் காதுக்குப் போகுமுன் சில நிமிடம் பொறுப்போம். 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் முதல் காதின் குளிர் இரண்டாவது காதின் பதிலைக் குழப்பிவிடும்.

மூளைச்சாவைத் தீர்மானிக்கும்போது இந்தச் சோதனையைச் செய்வது உண்மை. ஆனால் அதற்கு மட்டும் செய்வதில்லை. ஆகவே எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பெரியப்பாவைச் சுவாச இயந்திரத்திலிருந்து சிறிது நேரம் கழற்றி, தானாக மூச்சு எடுக்கிறாரா என்று பார்த்தார்களா? தொண்டைக் குழாய்க்குள் சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போடும்போது இருமுகிறாரா? அண்ணாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மருதானை77 எழுதியது:

நான் நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மூளை செத்துவிட்டது என்று சொல்லி அடுத்ததாகக் கிட்னி கேட்பார்கள். எங்கள் சொந்தத்திலும் கேட்டார்கள். இதயம் துடிக்கிறது, உடம்பு சுடுகிறது, எப்படி ஆள் இல்லை என்று சொல்ல முடியும்? கையெழுத்து ஒன்றும் போடாதீர்கள்.

நரம்புவழி எழுதியது:

நரம்பியல் பிரிவில் வேலை செய்யும் வைத்தியர் நான். ஆளைப் பார்க்காமல் தனிப்பட்ட முடிவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். சோதனையை விளக்கலாம்.

மருதானை அண்ணா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பல குடும்பங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் பயம் அது. இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது, 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம். உறுப்பு மாற்றும் குழுவில் இருக்கும் வைத்தியர் மூளைச்சாவைத் தீர்மானிக்கும் சோதனையில் கைவைக்கக் கூடாது என்பது உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் விதி. உறுப்புத் தானத்துக்கு "இல்லை" என்று சொல்ல எந்தக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் கவனிப்பில் எதுவும் குறையக் கூடாது. ஆனால் காலிவீதியின் கேள்வி அதுவல்ல. அந்தக் கதையை இங்கே கலந்தால் அவர்கள் வீட்டில் இருக்கிற குழப்பம் இரட்டிப்பாகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஐஸ் தண்ணீர்ச் சோதனையை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்காகச் செய்கிறோம்.

முதல் கேள்வி: மயக்கத்தில் இருக்கும் ஒருவரின் மூளைத்தண்டில் எந்த இடம் வேலை செய்கிறது, எந்த இடம் வேலை செய்யவில்லை? இரண்டாவது கேள்வி: மூளைத்தண்டு முழுவதும் நின்றுவிட்டதா, அதாவது மூளைச்சாவா? முதலாவதைக் கேட்கும்போது இந்தச் சோதனை தனியாகவே பயன்படும். இரண்டாவதைக் கேட்கும்போது இது பல சோதனைகளில் ஒன்று. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்கிறாரா, புருவத்தின் மேல் அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா, தொண்டையைத் தொட்டால் ஓங்காளிக்கிறாரா, சக்ஷனுக்கு இருமுகிறாரா, கடைசியாக இரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்வரை விட்டாலும் மூச்சு எடுக்காமல் இருக்கிறாரா. இத்தனையிலும் "இல்லை" என்று வர வேண்டும். ஒன்றில் "ஆம்" என்று வந்தாலே அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கும் முன்னால், ஏன் மயக்கம் என்பது ஸ்கானில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்து போயிருக்கக் கூடாது. மிடசோலாம், ஃபென்டனில் போன்ற மயக்க மருந்துகள் உடம்பைவிட்டுப் போயிருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மிடசோலாம் வெளியேற நாட்கள் எடுக்கும், தையோபென்டோன் இன்னும் மோசம். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் கண் எப்படி அசையும்? சீனி, சோடியம் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். பிரித்தானிய முறையில் இரண்டு வைத்தியர்கள் சேர்ந்து, முழுச் சோதனையையும் இரண்டு தடவை செய்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், "கண் அசையவில்லை" என்பதற்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. அசையாமல் இருக்க வேறு காரணங்கள் இருந்தனவா என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் அதற்குப் பெறுமதி வரும்.

காலிவீதி எழுதியது:

இரவுப்பணி அக்கா, நரம்புவழி டொக்டர், இரண்டு பேருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறார்.

அண்ணாவிடம் கேட்டேன். இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லையாம். சக்ஷன் போடும்போது பெரியப்பா இருமுகிறார், நெஞ்சு குலுங்குகிறது, அதை அண்ணா கண்ணால் பார்த்தார். கண்மணி மிகவும் சின்னதாக, ஊசிமுனை மாதிரி இருக்கிறது என்று டொக்டர் முதல் நாளே சொன்னாராம். மயக்க மருந்து நேற்றே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியென்றால் ஏன் கண் அசையவில்லை?

நரம்புவழி எழுதியது:

இருமுகிறார் என்றால் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி வேலை செய்கிறது. மூளைச்சாவு இல்லை. ஊசிமுனைக் கண்மணியும் அதற்குப் பொருந்தாது, மூளைச்சாவில் கண்மணி நடுத்தரமாகவோ விரிந்தோ இருக்கும், வெளிச்சத்துக்கு அசையாது. ஊசிமுனைக் கண்மணி பொன்ஸில் அடிபட்டதற்கு நன்கு தெரிந்த அடையாளம். கண்மணியை விரிக்கும் நரம்புவழி அந்த இடத்தால்தான் கீழே இறங்குகிறது. பூதக்கண்ணாடியால் பார்த்தால் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் சுருங்குவதும் தெரியும்.

ஏன் அசையவில்லை என்பதற்கு, கண்ணும் காதும் எப்படி இணைந்திருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

உங்கள் ஃபோனை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஃபோனை இடம் வலமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது ஃபோனை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். வாசிக்கலாம். 100ஆம் இலக்க பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு காலி வீதியால் போகும்போதும் கடைப் பெயர்ப்பலகைகளை நீங்கள் வாசிப்பது இதனால்தான். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, அதே வேகத்தில், கண் தானாக நகர்கிறது. உட்காதில் இருக்கும் அரைவட்டக் கால்வாய்கள் தலையின் அசைவை உணர்ந்து எட்டாவது மண்டையோட்டு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சொல்லும். செய்தி பொன்ஸும் அதற்குக் கீழுள்ள பகுதியும் சேரும் இடத்தில் நுழையும். அங்கிருந்து எதிர்ப்பக்கம் தாண்டி, பொன்ஸிலேயே இருக்கும் ஆறாவது நரம்பின் கருவுக்கு (அந்த நரம்பு புறப்படும் இடத்துக்கு) போகும். அது ஒரு கண்ணை வெளிப்பக்கமாக இழுக்கும். அதே கருவிலிருந்து இன்னொரு மெல்லிய நரம்புக்கட்டு மேலே ஏறி மூன்றாவது நரம்பின் கருவுக்குப் போய், மற்றக் கண்ணை உட்பக்கமாக இழுக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பக்கம் போகும். இவ்வளவும் நடக்க நமது விருப்பமோ நினைவோ தேவையில்லை. இதுதான் காதுக்கும் கண்ணுக்கும் இடையிலான தெறிவினை, அண்ணா கேட்ட "ரிஃப்ளெக்ஸ்".

மயக்கத்தில் இருப்பவரின் தலையைத் திருப்பியும் இதைப் பார்க்கலாம். ஆனால் விழுந்தவர், வாகனத்தில் அடிபட்டவர் என்றால் கழுத்து முறிந்திருக்கலாம், திருப்பவே கூடாது. ஐஸ் தண்ணீருக்குத் தலை அசைய வேண்டியதில்லை. அத்துடன் அது தலையைத் திருப்புவதைவிடப் பலமான தூண்டல். தலையைத் திருப்பி எதுவும் தெரியாவிட்டாலும் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இப்போது பெரியப்பாவின் விஷயம். கசிவு பொன்ஸில். நான் மேலே சொன்ன வழி போவதும் பொன்ஸுக்குள்தான். ஆகவே அவருக்குத் தெறிவினை இல்லாமல் போனது அந்த இடம் அடிபட்டிருக்கிறது என்று சொல்கிறது. அதற்கு மேலும் கீழும் என்ன நிலை என்று அது சொல்லாது. பொன்ஸில் கசிவு உள்ளவருக்குக் கண் அசையாததை வைத்து முழு மூளைத்தண்டும் போய்விட்டது என்று எழுதிவிடுவது மிகப் பெரிய தவறு.

ஒன்றை மட்டும் வார்ட் ரவுண்டில் கட்டாயம் கேளுங்கள். பொன்ஸின் முன்பக்கம் மட்டும் அடிபட்டால், கை கால் வாய் எதுவும் அசையாது, பக்கவாட்டில் கண் போகாது, ஆனால் நினைவு முழுதாக இருக்கும். பக்கத்தில் நின்று கதைப்பது எல்லாம் கேட்கும், விளங்கும். அவர்களால் செய்யக்கூடியது இமைப்பதும் கண்ணை மேலும் கீழும் அசைப்பதும்தான், ஏனென்றால் மேல்கீழ் அசைவின் கட்டுப்பாடு பொன்ஸுக்கு மேலே, நடுமூளையில் இருக்கிறது. இமையைத் தூக்கிப் பிடித்து, "மேலே பாருங்கள், கீழே பாருங்கள்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பழக்கமான மொழியில் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் பேசுபவரிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டுப் பதிலில்லை என்று எழுதக் கூடாது. கசிவு பெரிதாகிப் பின்பக்கமும் பரவியிருந்தால் நினைவும் சேர்ந்து போயிருக்கும். உங்கள் பெரியப்பா அப்படியான நிலையிலும் இருக்கலாம். ஆனாலும் பார்க்க வேண்டும்.

காலிவீதி எழுதியது:

டொக்டர், பெரியப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான். ஆளின் மொழி தெரிந்த யாராவது பக்கத்தில் நின்று கேட்டார்களா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில் நானே போகிறேன்.

கொட்டாஞ்சேனை_மாணவி எழுதியது:

இடையில் ஒரு படிப்புக் கேள்வி, காலிவீதி அண்ணா மன்னிக்கவும். நான் மருத்துவ மாணவி. பாடத்தில் குளிர்ந்த தண்ணீருக்குக் கண் எதிர்ப்பக்கம் அடிக்கும் (துள்ளும்), சூடான தண்ணீருக்கு அதே பக்கம் அடிக்கும் என்று மனப்பாடம் செய்தோம். ஐசியூவில் ஒருவருக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டபோது கண் தண்ணீர் விட்ட பக்கமே போய் நின்றது. எதிர்ப்பக்கம் அடிக்கவே இல்லை. கன்சல்டன்ட் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு விளங்கவில்லை.

நரம்புவழி எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி, பலர் தடுமாறும் இடம். விழித்திருப்பவரின் கண்ணில் இரண்டு அசைவு இருக்கிறது. முதலில் மெதுவாக ஒரு பக்கம் சரியும், பிறகு வேகமாகத் திரும்பும். மெதுவானது மூளைத்தண்டின் வேலை. வேகமாகத் திரும்புவதற்கு விழித்திருக்கும் பெருமூளை வேண்டும். நீங்கள் மனப்பாடம் செய்தது வேகமான அசைவின் திசை.

வலக் காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் வலப்பக்கக் கால்வாய் அடங்கும். தலை இடப்பக்கம் திரும்புகிறது என்று மூளைத்தண்டு எடுத்துக்கொள்ளும். கண் மெதுவாக வலப்பக்கம் சரியும். விழித்திருப்பவர் என்றால் உடனே இடப்பக்கம் துள்ளித் திரும்பும், ஆளுக்குத் தலைசுற்றும், வாந்தியும் வரும். ஆழ்ந்த மயக்கத்தில் திரும்பும் அசைவு இல்லை. கண் வலப்பக்கம் போய் அங்கேயே நிற்கும். அப்படி நின்றால் பெருமூளை மயங்கிக் கிடந்தாலும் மூளைத்தண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் "நல்லது".

ஒரு படி மேலே போய் யோசியுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வலக் காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டபோது வலக் கண் மட்டும் வெளியே போகிறது, இடக் கண் உள்ளே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வழி எங்கே அறுந்திருக்கும்?

கொட்டாஞ்சேனை_மாணவி எழுதியது:

ஆறாவது கருவிலிருந்து மூன்றாவது கருவுக்கு ஏறும் நரம்புக்கட்டில். இடப்பக்கம்?

நரம்புவழி எழுதியது:

சரி. இடப்பக்கம்தான். மூன்றாவது நரம்பு அறுந்திருந்தாலும் இடக் கண் உள்ளே வராது, ஆனால் அப்போது கண்மணி விரிந்து இமையும் சரிந்திருக்கும். மயங்கிக் கிடப்பவரின் மூளைத்தண்டில் பழுது எந்த மட்டத்தில் என்று ஒரு சிரிஞ்ச் தண்ணீரும் கூர்ந்த பார்வையும் இருந்தாலே சொல்லலாம். ஸ்கான் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதை இளம் வைத்தியர்கள் கைவிட்டுவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

செவிநிலையம் எழுதியது:

காதுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நான் கேட்டல், சமநிலைப் பரிசோதனை செய்பவன்.

ஐசியூவில் எல்லோரும் மூளையைப் பற்றியே யோசிப்பார்கள், காதை மறந்துவிடுவார்கள். காதுக்குடுமி (காது அழுக்கு) அடைத்திருந்தால் தண்ணீர் செவிப்பறையைத் தொடவே தொடாது. கண் அசையாது, ஆனால் மூளைத்தண்டில் ஒரு குறையும் இருக்காது. நமது ஆட்கள் கோழி இறகு, நெருப்புக்குச்சி, ஹெயார்பின் என்று எதையாவது விட்டுக் குடையும் பழக்கத்தில் குடுமியை உள்ளே தள்ளி இறுக்கி வைத்திருப்பார்கள். வயதானவர்களின் காதில் கல் மாதிரி இருக்கும். தண்ணீர் விடுமுன் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். காலிவீதியின் பெரியப்பாவுக்கு அந்த டொக்டர் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார், அது முறையான வேலை.

ஜென்டாமைசின் போன்ற ஊசிமருந்துகளும் உட்காதின் சமநிலை உறுப்பைப் பழுதாக்கும். ஐசியூவில் கடுமையான கிருமித்தொற்றுக்கு இவற்றைக் கொடுப்பது சாதாரணம். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து காதால் இரத்தம் வந்தவருக்கு அந்தக் காதின் நரம்பே அறுந்திருக்கலாம். இப்படிப்பட்ட காது பதில் சொல்லாததற்கு மூளையைக் குற்றம் சொல்ல முடியாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் விடாமல் தவிர்ப்பதே வழக்கம், நடுக்காதில் கிருமி போய்விடும். அப்படி ஒரு பக்கம் செய்ய முடியாமல் போனால் அதை அப்படியே குறிப்பில் எழுதிவிட்டு மற்றப் பக்கத்தைச் செய்வார்கள்.

30 பாகை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தலையை அவ்வளவு உயர்த்தினால் கிடைமட்டக் கால்வாய் செங்குத்தாக நிற்கும். குளிர்ந்த பக்கத்தில் கால்வாய்க்குள் இருக்கும் நீர் (அகநிணநீர்) கனத்துக் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தைத்தான் காது தலை திரும்புவதாக எடுத்துக்கொள்கிறது. வியன்னாவில் இருந்த ரொபேர்ட் பாரானி, காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதையும், குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு பக்கமும் சுடுதண்ணீருக்கு மறுபக்கமும் கண் அடிப்பதையும் கவனித்து இதைக் கண்டுபிடித்தார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. பிறகு 1983இல் விண்வெளி ஆய்வுகூடத்தில், பாரம் என்பதே இல்லாத இடத்திலும், வெப்பத்தை மாற்றியபோது கண் அடித்தது. ஆகவே நீர் இறங்குவது மட்டும் முழு விளக்கம் ஆகாது, வெப்பம் நேரடியாகவும் ஏதோ செய்கிறது.

எங்களிடம் வருபவர்கள் பயப்பட வேண்டாம், நாங்கள் ஐஸ் விடுவதில்லை. 30 பாகை செல்சியஸ், 44 பாகை செல்சியஸ், உடம்பின் 37க்கு ஏழு கீழே, ஏழு மேலே. 1942இல் இருந்து அந்தக் கணக்குத்தான்.

பம்பலப்பிட்டி_மகள் எழுதியது:

அம்மாவுக்கு 68 வயது. முந்தநாள் இரவிலிருந்து விடாமல் தலைசுற்று, வாந்தி, நடக்க முடியவில்லை, சுவரைப் பிடிக்கிறார். பக்கத்து கிளினிக்கில் "காதுத் தண்ணீர்ப் பிரச்சினை" என்று குளிசை கொடுத்தார்கள். இந்தக் கண் சோதனை இவருக்கும் உதவுமா? சீனியும் பிரஷரும் உண்டு.

நரம்புவழி எழுதியது:

இதை வாசித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இணையத்தில் பதில் தேட வேண்டாம். இடைவிடாத தலைசுற்று, பிடிக்காமல் நடக்க முடியாமை, சீனி, பிரஷர், இவ்வளவும் சேர்ந்தால் மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ பக்கவாதம் இல்லை என்று காட்டும்வரை அது பக்கவாதம் என்றே எடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: இப்படித் தொடர்ந்து தலைசுற்றி, கண்ணும் அடித்துக்கொண்டிருப்பவரின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்பி, கண் இலக்கைவிட்டு விலகுகிறதா என்று பார்ப்போம். காது நரம்பு பழுதானவருக்குக் கண் விலகி, பிறகு துள்ளித் திரும்பி வரும். தலைசுற்று பலமாக இருந்தும் கண் விலகாமல் நின்றால் நமக்குக் கவலை கூட வேண்டும், பழுது காதில் இல்லை என்று அர்த்தம். இலக்கைப் பார்க்கும் பக்கத்துக்கேற்பக் கண் அடிக்கும் திசை மாறுவதும், ஒரு கண் மேலே ஒரு கண் கீழே நிற்பதும் அதேபோல மூளையைக் காட்டும். முதல் 48 மணி நேரத்தில் எம்ஆர்ஐகூட இதைத் தவறவிடலாம். சீ.ரி. நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால் "நடக்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி_மகள் எழுதியது:

ஓட்டோவில் ஏறிவிட்டோம். நன்றி டொக்டர்.

மருதானை77 எழுதியது:

மேலே எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு விஷயம் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. எங்கள் மச்சானுக்கு மூளைச்சாவு என்று சொன்ன பிறகு அவருடைய கால்விரல் அசைந்ததை நானே பார்த்தேன். அதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உயிரோடு இருந்தவரையா விட்டோம் என்று.

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, அதை உங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மூளைத்தண்டு முற்றாக நின்ற பிறகும் முள்ளந்தண்டு வடத்துக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். வடத்துக்குத் தனியே தெறிவினைகள் உண்டு, அதற்கு மூளை தேவையில்லை. விரல் அசையும், பாதத்தைத் தொட்டால் கால் இழுபடும், சிலருக்குக் கை நெஞ்சுக்கு மேலே தூக்கி வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே உடம்பு உதறியது. அந்த அசைவு மூளையிலிருந்து வருவதில்லை. கண், முகம், தொண்டை, மூச்சு, இவைதான் மூளைத்தண்டின் வேலை, இவற்றில் ஒன்று அசைந்தால்தான் முடிவு மாறும். உங்கள் மச்சானின் விரல் அசைந்ததால் நீங்கள் தவறான முடிவு எடுத்தீர்கள் என்று ஆகாது.

மருதானை77 எழுதியது:

யாரும் சொல்லவில்லை. நன்றி தங்கச்சி.

காலிவீதி எழுதியது:

போய்விட்டு வந்தேன். வார்டில் தமிழ் தெரிந்த ஹவுஸ் ஒஃபிசர் (இளம் டொக்டர்) ஒருவர் இருந்தார், அவரை வைத்துக் கதைத்தோம். நேற்றுச் செய்தது மூளைச்சாவுச் சோதனை இல்லை, பழுது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்காகச் செய்தது என்று தெளிவாகச் சொன்னார். காதுகளில் குடுமி இல்லை, மருந்து நிறுத்திய நேரம், எல்லாம் குறிப்பில் இருந்தது.

டொக்டர் இமையைத் தூக்கிப் பிடித்தார். நான் பெரியப்பாவின் காதோடு குனிந்து "பெரியப்பா, மேலே பாருங்கோ" என்று பல தடவை சொன்னேன். கண் அசையவில்லை. கசிவு பெரிது, பொன்ஸின் பின்பக்கமும் பரவி மூளைக்குள் நீர் இருக்கும் நாலாவது அறைக்குள் இரத்தம் போயிருக்கிறது, எழும்புவார் என்ற நம்பிக்கை மிகக் குறைவு என்றார். ஆனால் சக்ஷனுக்கு இருமுகிறார், இயந்திரத்தின் மூச்சுக்கு நடுவில் தானாகவும் மூச்சு எடுக்கிறார், ஆகவே அவர் இறந்துவிடவில்லை என்றும் சொன்னார். நாளைக்கும் இதே மாதிரித் தமிழில் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் குறிப்பில் எழுதினார்.

பெரியம்மாவுக்கும் அப்படியே சொன்னேன். அழுதார். ஆனால் இப்போது பக்கத்தில் போய் இருந்து அவரோடு கதைக்க விரும்புகிறார். ஒரு கேள்வி. நிலைமை மோசமாகி, அந்த முழுச் சோதனையும் செய்யும் நாள் வந்தால், நாங்கள் பக்கத்தில் நிற்கலாமா?

இரவுப்பணி எழுதியது:

கேளுங்கள் தம்பி. பொறுப்பான கன்சல்டன்ட் சம்மதித்தால் நிற்கலாம், நிற்கும் குடும்பங்கள் உண்டு. இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மயக்கம் வரக்கூடிய ஆளை விட வேண்டாம். மூச்சுச் சோதனை சில நிமிடம் எடுக்கும், நெஞ்சு எழும்புகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் பார்ப்பதற்குக் கடினமான பகுதி. விரல் அசையலாம் என்பதைப் பெரியம்மாவுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். தமிழ் தெரிந்த அந்த ஹவுஸ் ஒஃபிசரின் டியூட்டி எப்போது என்று கேட்டு, அவர் நிற்கும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

பெரியம்மா இன்றைக்கே போகட்டும். பின்னேரம் சக்ஷனும் துடைப்பும் முடிந்த பிறகு கட்டில் பக்கத்தில் கதிரை போட்டுத் தருவார்கள், கேட்டால்.